முகம் பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளலாம்

செல்லசாமி முதலில் தன் கண்ணைத்தான் திட்டினார். ஒரு கண்ணில் படலம் எடுத்தாயிற்று; மற்றதற்கு இன்னும் தேதி கிடைக்கவில்லை. எடுத்த கண்ணும் மழைக்காலத்தில் சொன்ன பேச்சு கேட்பதில்லை. அதனால் தண்ணிமலைத் தேயிலைத் தோட்டத்து முச்சந்தியில் ஆட்டோ திரும்பியபோது, கோயில் மதிலோரம் மூங்கில் நட்டுக் கட்டியிருந்த பேனரைப் பார்த்துவிட்டு, புறங்கையால் கண்ணைக் கசக்கிக்கொண்டு இன்னொரு தரம் பார்த்தார்.

மேலே ‘கண்ணீர் அஞ்சலி’ என்று இருந்தது. கீழே ‘அமரர் சிவனு முத்துலிங்கம்’ என்று இருந்தது. நடுவில் மொட்டைத் தலையும் ஒட்டிய கன்னமுமாக இருபது வயதுப் பையன் ஒருவன் ரோட்டைப் பார்த்து விழித்துக்கொண்டிருந்தான். பேர் சரி, ஊர் சரி. அந்தப் பையன் மட்டும் முத்துலிங்கம் இல்லை. அவன் செல்லசாமி.

“நிப்பாட்டு தம்பி, நிப்பாட்டு.”

“என்னா மாமா, தல சுத்துதா?” என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மருமகள் ஜீவராணி. ராகலையிலிருந்து விடியுமுன் புறப்பட்டு, மண் சரிந்த இடங்களில் இறங்கி நடந்து, பஸ் மாறி பஸ் ஏறி, ஹட்டனில் ஆட்டோ பிடித்து இந்த டிக்கோயாப் பக்கம் வந்து சேர்ந்திருந்தார்கள். கிழவரை உயிரோடு கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டுமே என்ற கவலை அவளுக்கு.

“ஜீவா, அந்தப் படம்... நீ எத அனுப்புன?”

“நீங்க சொன்னதத்தான் மாமா. வலது கைப் பக்கம் நிக்கிறவருன்னு சொன்னீங்கள்ல? அத வெட்டித்தான் அவரு பேத்தி தனுஜாவுக்கு அனுப்புனேன்.” அவளும் பேனரை நிமிர்ந்து பார்த்தாள். “நல்லா பெருசா போட்டிருக்காங்க.”

வலது கைப் பக்கம். சொன்னது அவர்தான், சந்தேகமில்லை. கூட்டாளி செத்த செய்தி வந்த அன்று கம்பளியைப் போர்த்திக்கொண்டு மூலையில் சுருண்டு கிடந்தவரிடம், சுவரில் மாட்டியிருந்த பழைய படத்தில் முத்துலிங்கம் யார் என்று ஜீவராணி கேட்டாள். எழுந்து வந்து பார்க்கத் தெம்பில்லை. “நடுவுல ரெண்டு மொட்ட இருக்கும் பாரு. எனக்கு வலது கைப் பக்கம் நின்னான்” என்று கிடந்த இடத்திலிருந்தே சொன்னார். அவர் சொன்னது அவருடைய வலது கை. அவள் பார்த்தது அவளுடைய வலது கை. படத்துக்குள் நிற்கிறவனுக்கும் படத்தைப் பார்க்கிறவளுக்கும் வலது ஒன்றாகுமா? ஐம்பது வருஷமாகப் படத்துக்குள்ளேயே நின்றுகொண்டிருக்கிற மனுஷனுக்கு அதெல்லாம் தோன்றவில்லை.

இப்போதே சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். சொன்னால் ஜீவராணி நடுரோட்டில் உட்கார்ந்து அழுவாள். பழியும் அவள் தலையில்தான் விழும். முத்துலிங்கத்தின் மகள் பூரணியிடம் நேரே சொல்லிக்கொள்வோம் என்று நினைத்தார். “பொட்டி தூக்கப் போறாங்க தாத்தா, தப்படிக்கிற சத்தம் கேக்குது” என்று ஆட்டோக்காரப் பையனும் அவசரப்படுத்தினான். செல்லசாமி தன் முகத்தைத் தாண்டித் தோட்டத்துக்குள் போனார்.

முத்துலிங்கத்துக்கு வேறு படமே இல்லையா என்று கேட்பீர்கள். இல்லை. போட்டோ என்றால் பாம்பைக் கண்டவர் மாதிரி ஒதுங்குகிற மனுஷன் அவர். பூரணியின் கல்யாணத்தில், வாழைமரத்துக்குப் பின்னால் நின்றே மகளைக் கட்டிக்கொடுத்த ஒரே தகப்பன் என்று தோட்டத்தில் இன்றைக்கும் கேலி உண்டு. பேரப்பிள்ளைகள் போனை நீட்டினால் உள்ளங்கையை விரித்து முகத்தை மறைப்பார். கொழும்பில் வேலை செய்யும் பேத்தி தனுஜாவின் போனில் தாத்தா படம் ஏழெட்டு இருந்தது. எல்லாவற்றிலும் உள்ளங்கைதான் இருந்தது. அடையாள அட்டையில் ஒரு முகம் இருந்தது. அது அவர் குடியிருந்த லயத்தோடு மண்ணுக்குள் போய்விட்டது.

கார்த்திகை மழையில் நடந்தது அது. மேட்டிலிருந்து ஒரு மாதிரிச் சத்தம் கேட்கிறது என்று எல்லோரையும் எழுப்பிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். முத்துலிங்கமும் போய்ச் சேர்ந்தார். போனவர் பேசாமல் படுத்திருக்கலாம். மாட்டைக் கட்டிப்போட்டுவிட்டு வந்தது ஞாபகம் வந்து, அவிழ்த்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று இறங்கினார். அவிழ்த்தும் விட்டார். மாடு பிழைத்துக்கொண்டது.

மண்ணிலிருந்து அவரை எடுக்கப் பல நாள் ஆனது. பெட்டியை மூடி, திறக்க வேண்டாம் என்று சொல்லித்தான் கையில் கொடுத்தார்கள்.

ஆக, அந்த மனுஷனுக்கு இந்த உலகத்தில் மிஞ்சிய முகம் ஒன்றே ஒன்று. அது ராகலையில், செல்லசாமியின் வீட்டுச் சுவரில், சாமி படங்களுக்குப் பக்கத்தில் பூஞ்சணம் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்தப் படம் எழுபத்து நாலில் எடுத்தது. தோட்டத்தில் பஞ்சம் தலைவிரித்தாடிய வருஷம். அரிசியைக் கண்ணால் பார்ப்பதே அபூர்வம். கூப்பனுக்குக் கிடைக்கிற கோதுமை மாவும் மரவள்ளிக் கிழங்கும்தான் உயிரைப் பிடித்துவைத்திருந்தன. முத்துலிங்கத்தின் அம்மா வெள்ளையம்மா. செல்லசாமிக்குத் தாயும் இல்லை, தகப்பனும் இல்லை. லயத்தில் பக்கத்துக் காம்பராவில் தனியாகக் கிடந்த பையனை, “வந்து தின்னுட்டு போய் படு” என்று கூப்பிட்டவள் அவள்தான். கூப்பிட்டவள் கடைசிவரைக்கும் கூப்பிட்டாள். ஒரு ரொட்டி தட்டினால் இரண்டாகப் பிய்த்து இரண்டு பையன்களின் கையிலும் வைப்பாள். “எனக்கு மலையிலேயே ஒருத்தி குடுத்தா, தின்னுட்டேன்” என்பாள்.

கொழுந்து மலையில் அந்த வருஷம் யாருக்கு யார் கொடுத்தார்கள்? இருபது வயதுப் பையன்களுக்கு அது தெரியாதா? தெரியும். தெரிந்துதான் தின்றார்கள். பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. ஒருநாள் கொழுந்து நிறுக்க எல்லோரும் இறங்கி வந்தார்கள், வெள்ளையம்மா வரவில்லை. கூடை முதுகில் இருக்க, தேயிலைச் செடிமேல் கவிழ்ந்து கிடந்தாள். காய்ச்சல் என்று சொல்லி முடித்துவிட்டார்கள்.

முத்துலிங்கம் மொட்டை போட்டுக்கொண்டு எழுந்தான். அந்த இடத்தில் செல்லசாமி உட்கார்ந்தான்.

“நீ என்னாடா மொற?” என்று கேட்டார் முடிவெட்டுகிறவர்.

“எனக்கும் அவதான் ரொட்டி சுட்டா.”

அவர் அவன் தலையிலும் கத்தியை வைத்தார். அதன் பிறகு காலைப் பெரட்டில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடும்போது, எந்த மொட்டை எவன் என்று கணக்கப்பிள்ளைக்குப் புரியாமல்போனது. கன்னம் ஒட்டி, கண் குழிந்து, பஞ்சம் இரண்டு பேரையும் ஒரே அச்சில் வார்த்துவிட்டிருந்தது. செல்லசாமி என்று கூப்பிட்டால் முத்துலிங்கம் “இருக்கேன்” என்பான். முத்துலிங்கம் என்றால் இவன் “இருக்கேன்” என்பான். தாய் செத்த வீட்டுப் பையன்கள் சிரிப்பதற்கு அப்போது அது ஒன்றுதான் இருந்தது.

அந்த மாதம்தான் கூட்டாளி பெரியண்ணனுக்கு, ஒப்பந்தப்படி இந்தியாவுக்குத் திருப்பி அனுப்புகிற உத்தரவு வந்தது. பாஸ்போட்டுக்குப் படம் எடுக்க ஹட்டன் டவுனுக்குப் போனான். மொட்டைகள் இரண்டும் துணைக்குப் போயின. வேலை முடிந்ததும், “நாம மூணு பேரும் சேந்து ஒண்ணு எடுப்போம்டா, இனிமே எப்பவோ” என்றான் பெரியண்ணன். ஸ்டூடியோ முதலாளி கையெடுத்துக் கும்பிட்டார்.

“மூணு பேரா நிக்காதீங்கப்பா. நடுவுல நிக்கிறவன் போயிருவான். நாலாவதா யாரையாச்சும் புடிச்சிக்கிட்டு வாங்க.”

மூன்று பேர் சேர்ந்து படம் எடுத்தால் நடு ஆளுக்கு ஆகாது என்று இன்றைக்கும் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். அன்றைக்கு நம்பாதவர்களே இல்லை. வெளியே வந்து பார்த்தார்கள். பக்கத்துப் பேக்கரி வாசலில் ஒரு பையன் மாவுச் சாக்கை உதறிக்கொண்டிருந்தான். தலை, புருவம், காது மடல் எல்லாம் மாவு. “அண்ணே, ஒரு நிமிசம் வந்து எங்க உசுர காப்பாத்துங்க” என்று ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தார்கள். அவன்தான் ஹமீது.

யார், எவர் என்று தெரியாமல் வந்து நின்றவன், படம் எடுத்து முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டான். “நீங்க கடேசியா எப்ப சாப்பிட்டீங்க?” கருகிப்போன பாண் ஒன்றைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு வந்து, ஸ்டேஷன் பக்கத்துப் பாலத்தடியில் வைத்துப் பிய்த்தான். மூன்றாகப் பிய்த்திருக்கலாம், பேக்கரியில் வேலை செய்கிறவனுக்கு என்ன பசி? நாலாகப் பிய்த்துத் தானும் தின்றான், அவர்களுக்கு வெட்கமாக இருக்கக் கூடாது என்று.

படத்தில் ஒரு பிரதியைப் பெரியண்ணன் கொண்டுபோனான். மற்றது செல்லசாமியிடம் தங்கியது. ஓர் ஓரத்தில் ஹமீது, மற்ற ஓரத்தில் ஸ்டூடியோக்காரரின் கோட்டை மாட்டிக்கொண்ட பெரியண்ணன், நடுவில் இரண்டு மொட்டைகள். அந்த நாலு பேரும் அதற்குப் பிறகு ஒருநாளும் ஒன்றாக நிற்கவில்லை. “படத்துல ஒண்ணா நின்னோம், அதோட சரி. நெசத்த புடிச்சி சட்டத்துக்குள்ள வச்சிட்டான்” என்பார் முத்துலிங்கம். அவருக்குப் போட்டோ ஆகாமல்போனது அன்றிலிருந்துதான்.

பெரியண்ணன் போன ரயிலுக்கு ஒப்பாரிக் கோச்சி என்றே பேர். ஏறினவர்களும் அழுதார்கள், ஏற்றிவிட்டவர்களும் அழுதார்கள். அவன் கோத்தகிரியில் செத்துப்போனதை அவன் மகன் போனில் சொன்னபோது, ஆள் போய் ஆறு மாசம் ஆகியிருந்தது. ஹமீது மட்டும் பக்கத்திலேயே இருந்தான். எண்பத்து மூன்றில் ஊர் எரிந்தபோது, முத்துலிங்கம் குடும்பத்தையும் செல்லசாமி குடும்பத்தையும் பேக்கரியில் மாவு மூட்டைகளுக்குப் பின்னால் ஒளித்துவைத்து, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டவன் அவன். செல்லசாமி ராகலைக்குக் குடிபோனது அதற்குப் பிறகுதான். ஹமீது கொரோனாவில் போனான். அடக்கம் செய்கிற மார்க்கத்தில் பிறந்தவனை எரித்துவிட்டார்கள். “வாப்பாட மொகத்தக்கூட காட்டல மாமா” என்று அவன் மகன் ரிஸ்வி போனில் கதறினான்.

அன்று செல்லசாமி முத்துலிங்கத்துக்குப் போன் எடுத்தார். இந்தக் கரையில் ஒரு கிழவர் அழ, அந்தக் கரையில் ஒரு கிழவர் அழுதார். பிறகு முத்துலிங்கம்தான் மூக்கைச் சிந்திக்கொண்டு சொன்னார்.

“டேய், நமக்காச்சும் மொகம் பாக்கணும்டா. யாரு முந்துனாலும் சரி, மத்தவன் வந்து மொகத்த பாத்துட்டுத்தான் மண்ணு போடணும். என்னா?”

“பாக்குறேன்டா” என்றார் செல்லசாமி.

அந்த வாக்கைக் காப்பாற்றத்தான் அவர் இத்தனை தூரம் வந்தார். வந்த இடத்தில் பெட்டி மூடியிருந்தது. பெட்டியின்மேல் மாலை போட்டு, சட்டம் போட்டு, அதே படம் நின்றுகொண்டிருந்தது. பள்ளிக்கூட மண்டபத்தில், மடித்து அடுக்கிய பாய்களுக்கும் தண்ணீர் வாளிகளுக்கும் நடுவே, வீடிழந்த சனம் அத்தனையும் செல்லசாமியின் முகத்தைப் பார்த்து மாரில் அடித்துக்கொண்டு அழுதது. உயிரோடு இருக்கிறவனுக்கு இப்படி ஒரு காட்சியைக் காட்டிக்கொடுக்க எந்தத் தெய்வத்துக்கு மனசு வந்ததோ.

பூரணி ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“சித்தப்பா! வந்துட்டீங்களா சித்தப்பா! பாத்தீங்களா எங்கப்பாவ...”

“பூரணி, தாயி, ஒண்ணு சொல்லணும்...”

“இந்த மொகத்த நான் பாத்ததே இல்ல சித்தப்பா. எளவயசுல எப்பிடி இருந்திருக்காரு பாருங்க.” அவள் அவரைப் படத்துக்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு போனாள். மகன் நிரோஷனைக் கூப்பிட்டு, அவன் நாடியைப் பிடித்துத் திருப்பிக் காட்டினாள். “இந்தா, இந்த நாடி அப்பிடியே இவனுக்கு இருக்கு. அந்தக் கண்ணு, தனுஜாவுக்கு. பொட்டிய தெறக்க வேணாம்னுட்டாங்க சித்தப்பா. நீங்க மட்டும் இந்தப் படத்த வச்சிருக்காட்டி, எங்கப்பா மொகமில்லாமத்தான போயிருப்பாரு.”

நிரோஷனின் நாடி செல்லசாமியின் நாடியைப் போல இருக்க ஒரு நியாயமும் கிடையாது. ஆனால் அழுகிறவள் கண்ணுக்கு எல்லாம் ஒத்துத்தான் போகும். அவள் படத்தின் கண்ணாடியை முந்தானையால் துடைத்தாள். அப்பா என்று கூப்பிட்டு, கன்னத்தைத் தடவினாள். செல்லசாமிக்குத் தன் கன்னத்தில் அந்த விரல் பட்டது போல இருந்தது, உடம்பு கூசியது. சொன்னால் இவள் இன்னொரு முறை தகப்பனைப் பறிகொடுப்பாள். சொல்லாவிட்டால், அங்கே மூடிக் கிடக்கிறவன் கூட்டாளியின் மூஞ்சியை மாட்டிக்கொண்டு மண்ணுக்குள் போவான். சொன்னால் பாவம் இவளுக்கு, சொல்லாவிட்டால் துரோகம் அவனுக்கு.

“என்னமோ சொல்லணும்னீங்களே சித்தப்பா?”

“ஒண்ணுமில்ல தாயி. தண்ணி குடு” என்றார்.

தூக்கிக்கொண்டு போனார்கள். வழியில் சரிந்த மேடு தெரிந்தது. லயம் இருந்த இடத்தில் சிவப்பு மண். அதன் ஓரத்தில் அந்த மாடு நின்று புல் மேய்ந்துகொண்டிருந்தது. செல்லசாமி அதைப் பார்க்கவில்லை. அவர் பார்த்துக்கொண்டு போனதெல்லாம் முன்னால் நிரோஷன் நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு போன படத்தைத்தான்.

குழிக்குப் பக்கத்தில் பெட்டியை இறக்கி வைத்தார்கள். படத்தை அதன்மேல் நிறுத்தினார்கள். தப்பு ஓய்ந்தது. கோயில் தலைவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, எல்லாச் சாவுக்கும் கொடுக்கிற அந்தக் குரலைக் கொடுத்தார்.

“மொகம் பாக்குறவங்க எல்லாம் வந்து பாத்துக்கங்க. மொகம் பாக்குறவங்க பாத்துக்கலாம்.”

மொகம் எங்கே இருக்கிறது பார்க்க? இருந்தாலும் வழக்கம் வழக்கம்தானே. சனம் வரிசையாக வந்து படத்தைப் பார்த்தது, கும்பிட்டது, நகர்ந்தது. கூட்டாளி கடைசியாகப் பார்க்கட்டும் என்று செல்லசாமியைப் பின்னால் நிறுத்திவைத்திருந்தார்கள். அவர் முறை வந்தது. ஜீவராணி ஒரு கையைப் பிடித்துக்கொள்ள, குனிந்தார்.

பாக்குறேன்டா என்று சொல்லியிருந்தார். பார்த்தார். கண்ணாடிக்குள்ளிருந்து அவருடைய முகமே அவரைப் பார்த்தது. கண்ணாடிமேல் மழைத்தூற்றலில் அவருடைய இன்றைய முகமும் லேசாகத் தெரிந்தது. எத்தனை தேடினாலும் அங்கே முத்துலிங்கம் இல்லை. அவர் அடக்கிவைத்திருந்தது அத்தனையும் அப்போது உடைந்தது.

“இது அவன் இல்ல!” என்று கத்தினார். “அய்யோ, இது அவன் இல்ல! இது நான்! பூரணி, இது நான் தாயி! எம்மொகத்த வச்சி அவன பொதைக்கிறீங்களே!”

சற்று அடங்கியிருந்த அழுகை மடை திறந்தது போலக் கிளம்பியது. முன்வரிசையில் நின்ற பெரிய மனுஷி ஒருத்தி தலையில் அடித்துக்கொண்டாள். “ஆமாய்யா! நீ வேற, அவரு வேறயா! ஒரு தாய்க்கு ரெண்டு மொட்ட போட்டவங்களாச்சே!” ஆண்களும் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார்கள். கூட்டாளி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று யாரோ பின்னால் சொன்னார்கள்.

“இல்ல... நெசமாத்தான் சொல்றேன்... நல்லா பாருங்க, இது நான்!”

“ஆமா சித்தப்பா,” என்று பூரணி அவரைக் கட்டிக்கொண்டாள். “நீங்கதான். இனிமே எங்களுக்கு அப்பாவும் நீங்கதான்.”

உண்மையை இதைவிட நேராக எப்படிச் சொல்வது? வாயால் சொன்னார், விரலால் காட்டினார். அத்தனை பேரும் கேட்டார்கள், ஒருவருக்கும் காதில் ஏறவில்லை. ஹமீது இருந்திருந்தால், “அட, அது செல்லசாமிடா, மத்த மொட்டதான் முத்து” என்று ஒரே வார்த்தையில் முடித்திருப்பான். பெரியண்ணன் இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பான். ஏன், முத்துலிங்கமே இருந்திருந்தால் போதும். அந்தப் படத்தில் யார் யார் என்று சொல்லக்கூடிய ஆள் இன்றைக்கு அவரை விட்டால் ஒருவரும் இல்லை. அவர் சொன்னாலும், ஆமாம் என்று சொல்ல ஓர் ஆள் இல்லை. எல்லோரும் போன பிறகு இருப்பது என்றால் இதுதான் என்று அவருக்கு அந்தக் குழிமேட்டில்தான் விளங்கியது. பஞ்சத்தில்கூட அவர் இப்படி அனாதையாக நின்றதில்லை.

முகம் பார்க்காமல் மண் போட்டார்.

மறுநாள் ராகலைக்குத் திரும்பி வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. சுவரிலிருந்து படத்தை இறக்கச் சொன்னார். மடியில் வைத்துக்கொண்டு, துண்டின் நுனியை எச்சிலில் நனைத்துப் பூஞ்சணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் துடைத்தார். ஹமீது வந்தான், புருவத்தில் மாவோடு. கோட்டுக்குள் பெரியண்ணன் வந்தான். நடுவில் இடது பக்கத்து மொட்டை வந்தது. ஒட்டிய கன்னம், குழிந்த கண், வெள்ளையம்மா கண்ணை மூடிய துக்கம் இன்னும் காயாத முகம். நல்ல கண்ணுக்கு நேரே வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“பாத்துட்டேன்டா” என்றார். “சொன்னபடி பாத்துட்டேன்.”

பார்த்தால் போதுமா? ஊர் பார்க்க வேண்டாமா? ஒரு மனுஷன் பிறந்து, பட்டினி கிடந்து, பிள்ளை பெற்று, மாட்டுக்காகச் செத்தும் போயிருக்கிறான். அவன் முகத்துக்கு ஒருவர்கூட அழவில்லை. அழுததெல்லாம் இவர் முகத்துக்கு. வெள்ளையம்மா மேலே இருந்து பார்த்தால், என் பிள்ளைக்குச் சேரவேண்டியதை நீ வாங்கிக்கொண்டாயா என்று கேட்கமாட்டாளா? ரொட்டியைத் தின்றது போதாதா என்று கேட்கமாட்டாளா? அவள் கேட்கமாட்டாள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. அவர் அழுதார்.

விளக்கு வைக்கிற நேரம் ஜீவராணி தேத்தண்ணியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். படத்தை எட்டிப் பார்த்தாள்.

“தொடச்ச பொறகுதான் மாமா எனக்கு ஒழுங்கா தெரியிது. இந்தா, பேனர்ல போட்டது இவரு, முத்துலிங்கம் மாமா.” அவள் விரல் செல்லசாமியின் முகத்திலிருந்து பக்கத்து மொட்டைக்கு நகர்ந்தது. “அப்ப, இதுதான் நீங்க.”

செல்லசாமி அவளை நிமிர்ந்து பார்த்தார். சொல்லத்தான் நினைத்தார். பிறகு வேறொன்று நினைத்தார்.

“ஜீவா, நான் போனா பேனர் போடுவீங்கள்ல?”

“என்னா பேச்சு மாமா இது, வெளக்கு வச்ச நேரத்துல.”

“கேட்டதுக்கு சொல்லு. அடையாள அட்ட படத்த போடாதீங்க. கல்யாண வீட்டுல புடிச்சதும் வேணாம். இந்தப் படத்துல இருந்துதான் வெட்டிப் போடணும். மகன்கிட்டயும் சொல்லி வச்சிரு. மொகம் பாக்குறவங்க எல்லாம் இந்த மொகத்தத்தான் பாத்து அழுவணும்.”

ஜீவராணி தேத்தண்ணியைக் கீழே வைத்தாள். படத்தைக் கையில் வாங்கி, வெளிச்சத்துக்குத் திருப்பி, பிழை வந்துவிடக் கூடாதே என்று முத்துலிங்கத்தின் முகத்தின்மேல் விரலை ஊன்றிக் காட்டினாள்.

“இதுதானே மாமா? இது நீங்கதானே?”

“ஆமா தாயி” என்றார் செல்லசாமி. “அது நான்தான். நல்லா பெருசா போடு.”